தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்?

கேள்வி: என் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தெம்பு வர ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லலாமா? (தண்டையார்பேட்டை)

எடை, வயது, வாந்தி உண்டா இல்லையா என்று எதையும் எழுதாமல் பாட்டிலை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பாட்டில் மோகத்தைப் பற்றிப் பலமுறை எழுதிவிட்டேன். இன்னொரு முறையும் எழுதுகிறேன். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 100 கலோரி. 20 கிலோ நாய்க்குச் சும்மா படுத்துக் கிடப்பதற்கே நாளொன்றுக்கு 650 கலோரி வேண்டும். அந்தச் சர்க்கரையை உடல் எரித்த பின் மிஞ்சுவது உப்பில்லாத வெறும் தண்ணீர். அது ரத்தக் குழாயில் தங்காது என்பதால், பேதியில் வற்றிப்போன நாய்க்கு நாங்கள் முதலில் எடுப்பது ரிங்கர் லாக்டேட், நார்மல் சலைன் போன்ற உப்புக் கரைசலைத்தான். பரிசோதனையில் ரத்தச் சர்க்கரை இறங்கியிருந்தால் மட்டுமே குளுக்கோஸ் சேர்ப்போம். போன மாதம் ஒருவர், குளுக்கோஸ் போடத் தெரியாத டாக்டர் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். அவருடைய நாய்க்கு இருந்தது பல்வலி.

கேள்வி: மூன்று மாதக் குட்டிக்கு ஓயாத வாந்தி, ரத்தப் பேதி. வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா? (காசிமேடு)

இந்தக் கடிதத்தை எழுதிய நேரத்தில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கே போயிருக்கலாம். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கக்கூடும், வாந்தி நிற்காத குட்டிக்கு வாய்வழியாக ஊற்றும் எதுவும் தங்காது, நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றுவார்கள்? (திருவொற்றியூர்)

எடை சொல்லாமல் அளவு கேட்பது, அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வது போல. அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். வறட்சி 8 சதவீதம், அதாவது எடையில் அவ்வளவு நீர் போயிருக்கிறது என்று மருத்துவர் கணித்தால், 10 கிலோ நாய்க்கு அதற்கு மேல் 800 மில்லி, வாந்தி பேதியில் போவது தனி. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து, அந்த எண்ணோடு வாருங்கள்.

கேள்வி: சிறுநீரகக் கோளாறுள்ள 13 வயதுப் பூனைக்கு, மருத்துவர் சொன்னபடி தோலுக்கடியில் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் ஏற்றுகிறோம். அது முன்னங்காலுக்கு இறங்கித் தொளதொளவென்று தொங்குகிறது. (பெரம்பூர்)

பயப்பட வேண்டாம், புவியீர்ப்பில் இறங்குகிறது. சில மணி நேரத்தில் வற்றிவிடும். அடுத்த வேளைக்குள் வற்றாவிட்டாலோ, தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ ஊசியைத் தொடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தோலுக்கடியில் குளுக்கோஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஆண் பூனை முக்குகிறது, சிறுநீர் வரவில்லை. இளநீர் கொடுக்கலாமா? (வியாசர்பாடி)

கூடாது. சிறுநீர் அடைப்பினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கும், இளநீர் அதைக் கூட்டும், இதயம் நின்றுவிடலாம். இன்றிரவே தூக்கிக்கொண்டு போங்கள்.