பள்ளம் எங்கே போச்சு? ‘சைன்ஃபெல்ட்’ கடைசி சீசன்களை டிவிடியில் வாங்குவோருக்கு

கேள்வி: என் கணவர் ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் என்றால் பைத்தியம். பிறந்தநாளுக்கு எட்டாவது சீசன் டிவிடி வாங்கித் தரலாம் என்று நினைத்தேன். “அதான் நெட்ஃபிளிக்ஸில் 4கே தரத்தில் வந்துவிட்டதே, பழைய டிவிடி எதற்கு, வெட்டிச் செலவு” என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தோழி சொல்வதில் பாதி சரி. படத்தின் தெளிவை மட்டும் பார்த்தால் டிவிடி தோற்றுத்தான் போகும். இந்தத் தொடரை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது அந்த ஃபிலிமிலிருந்து துலக்கி எடுத்த பிரதி. தொடரின் நாயகன் ஜெர்ரி வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கும் காலை உணவு டப்பாக்களின் பெயரைக்கூடப் படிக்கலாம். 2007 ஜூனில் வந்த எட்டாவது சீசன் டிவிடியில் இருப்பது 480 வரிப் படம். பெரிய டிவியில் போட்டால் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். அதை மறைத்து உங்களிடம் டிவிடியை விற்க எனக்கு விருப்பமில்லை.

மீதிப் பாதிக்கு வருவோம். அதே எட்டாவது சீசனில், 1997 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘தி பாட்ஹோல்’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. பெயரே ரோட்டுப் பள்ளம்தான். ஜெர்ரியின் நண்பர் ஜார்ஜிடம் ஒரு சாவிக்கொத்து. பழைய பேஸ்பால் வீரர் ஃபில் ரிஸ்ஸூட்டோவின் தலை வடிவில் இருக்கும், அமுக்கினால் அவர் குரலில் ‘ஹோலி கௌ’ என்று கத்தும். அதைத் தெருவில் ஒரு பள்ளத்தில் தவறவிட்டுவிடுகிறார். திரும்பிப் போய்ப் பார்த்தால் பள்ளத்தைத் தார் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஜார்ஜும் ஜெர்ரியும் நடுத்தெருவில் நின்று குனிந்து பார்க்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் பிரதியில் இரண்டு பேரும் தெரிகிறார்கள், பள்ளத்தைத்தான் காணோம். படத்தின் கீழ்ப்பகுதியோடு சேர்த்து அதையும் வெட்டிவிட்டார்கள்! வந்த புதிதில் ரசிகர்கள் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டுச் சிரித்தது இதனால்தான்.

காரணம் எளிது. தொடரை எடுத்த காலத்து டிவியில் அகலத்துக்கு உயரம் நான்குக்கு மூன்று. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை அதே அகலத்தில் வைத்துப் புதிய திரையை நிரப்ப வேண்டுமானால் உயரத்தில் கால் பங்கை வெட்டியாக வேண்டும். ஃபிலிமின் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் இருந்ததால் அவ்வளவும் போகவில்லை. ஆனால் மேலும் கீழும் வெட்டு விழுந்தது உண்மை. சண்டைப் படத்தில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஒரு ஆள் கையில் என்ன வைத்திருக்கிறான், காலில் என்ன மாட்டியிருக்கிறான் என்பதிலேயே பாதி ஜோக் இருக்கும் தொடரில் தெரியும்.

டிவிடியில் பழைய நான்குக்கு மூன்று படம் அப்படியே இருக்கிறது. பள்ளமும் இருக்கிறது. உள்ளூர் சேனல்களில் விளம்பரத்துக்கு இடம் விட்டு நறுக்கி ஓட்டுகிறார்களே, அந்த மாதிரி இல்லாமல் அத்தியாயமும் முழுசாக இருக்கும். எனவே வாங்குங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்கள் டிவி படத்தைத் தானாக இழுத்து அகலமாக்கினால் அமைப்புகளுக்குள் போய் 4:3 என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஜெர்ரியின் தோழி எலைன் குட்டையாகவும் பக்கத்து வீட்டுக் கிரேமர் குண்டாகவும் தெரிவார்கள், டிவிடி வாங்கிய பலனே இருக்காது.

‘அப்படியானால் ப்ளூ-ரே?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். 2024 கடைசியில் ப்ளூ-ரே, 4கே இரண்டும் வந்தன, முழுத் தொகுப்பாக. வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். 1.33:1 என்று போட்டிருந்தால் பழைய படம், 1.78:1 என்றால் அகலப்படுத்தியது. விலையைப் பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஏழாவது சீசன் வரை சேர்த்துவிட்டேன். லாரி டேவிட் போனபின் தொடர் சுமார்தான் என்கிறார்களே, எட்டும் ஒன்பதும் வாங்காமல் விட்டால் நஷ்டமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: ஜெர்ரியோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய லாரி டேவிட் ஏழாவது சீசனோடு விலகியது உண்மை. கடைசி அத்தியாயத்தை எழுத மட்டும் திரும்பி வந்தார். அவர் இருந்தவரை ஒரு சின்ன அற்பத்தனம் சுற்றிச் சுற்றி வளர்ந்து கடைசியில் ஆளையே கவிழ்க்கும். அவர் போனபின் கதை கொஞ்சம் கார்ட்டூன் பக்கம் சாய்ந்தது, கிரேமர் அடிக்கும் கூத்து கூடியது. எனக்குப் பிடித்தது நாலாவது, ஐந்தாவது சீசன்கள்தான். ஆனால் எலைன் அலுவலக விருந்தில் ஆடும் அந்தக் கோரமான நடனமும், ‘யாடா யாடா’ என்று பேச்சை விழுங்கும் அத்தியாயமும் எட்டாவதில்தான் வருகின்றன. ‘சுமார்’ என்று சொல்கிறவர்கள் இவற்றை எதில் சேர்க்கிறார்களோ!

ஒன்பதாவதை வாங்க என்னிடம் தனிக் காரணம் உண்டு. ‘தி பிட்ரேயல்’ என்ற அத்தியாயம், 1997 நவம்பர். சூ எலன் என்ற தோழிக்கு இந்தியாவில் கல்யாணம். பத்திரிகை கைக்கு வந்ததோ கடைசி நேரத்தில். ‘கூப்பிட்ட மாதிரியும் இருக்க வேண்டும், நீ வராமலும் இருக்க வேண்டும்’ என்கிற ரகம். நமக்குத் தெரியாத ரகமா அது? எலைன் வீம்புக்கென்றே ஜெர்ரியையும் ஜார்ஜையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார். இந்தியா என்று காட்டுவது அமெரிக்க ஸ்டூடியோவில் போட்ட இந்தியா, அதைக் கண்டுகொள்ளாதீர்கள். விசேஷம் வேறு. கதை முழுக்கப் பின்னாலிருந்து முன்னால் போகிறது: முதலில் முடிவு, அப்புறம் அதற்கு முந்தைய நாள், அதற்கும் முந்தைய நாள். ஜார்ஜ் உயரமாகத் தெரிய வேண்டும் என்று கனத்த பூட்ஸை எங்கே போனாலும் கழற்றாமல் திரிகிறார். ஏன் என்பது நமக்குப் பிற்பாடுதான் தெரிகிறது. டிவிடியில் இதே அத்தியாயத்தை நேர் வரிசையில் மாற்றி அடுக்கிய பிரதியும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நேராக ஓடும்போது பாதி ஜோக் செத்துவிடுகிறது. அதைப் பார்த்தால்தான் தலைகீழாக எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் புரியும்.

1998 மே மாதம் வந்த ‘தி போர்ட்டோ ரிக்கன் டே’ அத்தியாயமும் இதே பெட்டியில் உண்டு. அதில் போர்ட்டோ ரிக்கோ கொடி எரியும் காட்சிக்கு எதிர்ப்புக் கிளம்பி, தொடரை ஒளிபரப்பிய என்.பி.சி. சேனல் மன்னிப்புக் கேட்டு, மறு ஒளிபரப்பிலிருந்து அதைத் தூக்கியது. சேனல் தூக்கினாலும் உங்கள் அலமாரியில் இருப்பதை யாரும் தூக்க முடியாது. தொடரே ஹுலு என்ற இணையத் தளத்திலிருந்து நெட்ஃபிளிக்ஸுக்கு வீடு மாறியதுதானே.

கேள்வி: டல்லாஸில் இருக்கும் அண்ணன் வரும்போது ஒன்பதாவது சீசன் டிவிடி வாங்கி வருகிறேன் என்கிறார். திருச்சியில் இருக்கும் என் பிளேயரில் ஓடுமா?
– வாசகர், திருச்சி

பதில்: எந்தப் பகுதி நாடுகளில் ஓடும் என்பதற்கு டிவிடிக்கு ‘ரீஜன்’ என்று ஓர் எண் உண்டு. அமெரிக்க டிவிடி ரீஜன் 1. இந்தியா ரீஜன் 5. பிளேயரின் முதுகுப்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். 5 மட்டும் இருந்தால் ஓடாது, ‘ஆல்’ என்றிருந்தால் கவலையில்லை. அண்ணன் விமானம் ஏறுவதற்கு முன், போன தடவை அவர் கொண்டுவந்து விட்டுப் போன அமெரிக்க டிவிடி ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள், போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கணினி டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவது தடவை வைத்ததோடு நின்றுவிடும். அதனால் ‘மாற்றட்டுமா’ என்று கேட்டதும் அவசரப்பட்டு சரி என்று அழுத்தாதீர்கள். ப்ளூ-ரேயிலும் இதே தொல்லை உண்டு: அமெரிக்கா ஏ, இந்தியா சி. 4கே தட்டுக்கு ரீஜன் கிடையாது, ஆனால் அதற்கென்று தனி பிளேயர் வேண்டும்.

கேள்வி: பழைய டிவிடி வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது? “லைக் நியூ” என்று போட்டு அனுப்பியது வந்து பார்த்தால் கோடு கோடாக இருக்கிறது.
– வாசகி, சிகாகோ

பதில்: கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும் கீறலைப் பெரும்பாலும் பிளேயர் சமாளித்துவிடும். தட்டோடு சேர்ந்து வட்டமாகச் சுற்றும் கீறல்தான் ஆபத்து. தொடர்ச்சியாக ஒரே இடத்துத் தகவலை அழிக்கும். துடைக்கும்போதும் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள், சுற்றித் துடைக்காதீர்கள்.

அடிப்பக்கம் ஊதாவாக மின்னினால் யாரோ கணினியில் நகலெடுத்த பிரதி. அசல் தட்டு வெள்ளியாகவோ லேசான பொன் நிறமாகவோ இருக்கும். ஒன்பதாவது சீசன் நான்கு தட்டு. 24 அத்தியாயத்தையும் ஒரே தட்டில் அடைத்து விற்றால் கள்ளப் பிரதிதான், விசாரிக்கவே வேண்டாம்.

சோதிக்கும்போது முதல் அத்தியாயத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘நன்றாக ஓடுது’ என்று வைத்துவிடாதீர்கள். இரண்டு அடுக்குத் தட்டில் முதல் அடுக்கு உள்ளிருந்து விளிம்புக்குப் போய், அங்கிருந்து இரண்டாம் அடுக்கு உள்நோக்கித் திரும்பும். கை பட்டு, உறையில் உரசிக் கெடுவது அந்த விளிம்புதான். அதனால் தட்டின் நடு அத்தியாயங்களைப் போட்டுப் பாருங்கள். திக்கினால் அங்கேதான் திக்கும். ஈபே வழியாக வாங்கியிருந்தால், விவரித்தபடி பொருள் இல்லை என்று வந்த 30 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். கீறலைச் சாய்த்துப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். தனி சீசன் பழசுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலருக்கு மேல் நான் கொடுக்கமாட்டேன்.

அப்புறம் தட்டை எண்ணுங்கள், எண்ணுவதோடு நிறுத்தாமல் மேலே போட்டிருக்கும் எண்ணையும் படியுங்கள். ஒரு பழைய பொருள் கடையில் ஒன்பதாவது சீசனைத் திறந்து பார்த்தேன், நான்கு தட்டும் இருந்தன, சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் இரண்டு தட்டில் 3 என்றே போட்டிருந்தது, நான்காம் தட்டைக் காணோம். 1998 மே 14 அன்று ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்த கடைசி அத்தியாயம் நான்காவதில் இருக்கிறது. ரசீது தரும் கடையும் இல்லை அது. நான்காம் தட்டு மட்டும் தனியாக விற்பவர் கிடைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. மிச்சமிருக்கும் அந்தக் கூடுதல் மூன்றாம் தட்டு யாருக்காவது வேண்டுமானால் எழுதுங்கள், தபால் செலவு என்னுடையது.