புதுக் கார் பேரம்: ஷோரூமில் எந்த வரியில் கை வைக்கலாம்?

சென்னையில் புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும், ஷோரூம் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்து வெளியே வந்த ஒருவரின் பதில்களும். கேட்டவர்கள் அவரவர் பகுதியின் பெயரில்.

அம்பத்தூர்: சார், ஒரு ஹேட்ச்பேக்குக்குக் கொட்டேஷன் வாங்கினேன். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை மட்டும் பெரிதாக எழுதி, "மொத்தத்தில் 15,000 குறைக்கிறேன், அதற்கு மேல் முடியாது" என்கிறார்கள். இன்னும் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். ஆனால் மொத்தத் தொகையை வைத்துப் பேசினால் நீங்கள்தான் தோற்பீர்கள். வரிவரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ஷோரூம் விலை, அதாவது லைஃப் டாக்ஸும் இன்சூரன்ஸும் சேராத வண்டி விலை, கம்பெனி வைத்தது, ஜி.எஸ்.டி. அதற்குள்ளேயே அடங்கிவிடும். லைஃப் டாக்ஸ், அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, அரசுக்குப் போவது. இந்த இரண்டிலும் சேல்ஸ்மேன் எதுவும் செய்ய முடியாது. மற்ற எல்லாவற்றிலும் முடியும்: இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, டெஃப்லான் கோட்டிங். புதுக் காரில் டீலருக்குக் கிடைக்கும் மார்ஜின் குறைவு. அதனால் சம்பாத்தியத்தைக் காருக்கு வெளியே இந்த வரிகளில் தேடுகிறார்கள்.

'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்று ஒரு வரி இருந்தால் முதலில் அதை அடிக்கச் சொல்லுங்கள். வண்டிகளை நிறுத்தி வைக்கும் அவர்கள் யார்டிலிருந்து அவர்கள் ஷோரூமுக்கு வண்டி வர நீங்கள் எதற்குக் காசு தர வேண்டும்? நம்பர் பிளேட்டுக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தாலும் காரணம் கேளுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கம்பெனியே தர வேண்டும் என்பது விதி.

அப்புறம் அந்த 15,000 யாருடைய பணம் என்று கேளுங்கள். கம்பெனி அந்தந்த மாதத்துக்கு அறிவிக்கும் ஸ்கீம் ஒன்று. டீலர் தன் மார்ஜினிலிருந்து விட்டுத் தருவது இன்னொன்று. உங்களிடம் முதலாவதை மட்டும் காட்டியிருந்தால் இரண்டாவதைப் பற்றி இன்னும் பேச்சே தொடங்கவில்லை என்று பொருள்.

போரூர்: "ஜி.எஸ்.டி. குறைப்பு 60,000 ஸ்பெஷல் டிஸ்கவுண்ட்" என்று கொட்டேஷனில் போட்டிருக்கிறார்கள் அண்ணே.

அது டிஸ்கவுண்ட் இல்லை தம்பி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18% ஆகிவிட்டது. எந்த ஷோரூமில் வாங்கினாலும் அந்தக் குறைப்பு உங்களுக்கு உண்டு. அதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன தருகிறார்கள் என்று பாருங்கள்.

மேடவாக்கம்: இன்சூரன்ஸை அவர்களிடமே எடுத்தால்தான் தள்ளுபடியாம். வெளியே 14,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. என்ன செய்யட்டும் சார்?

டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது அம்மா. ஆனால் தள்ளுபடியை இதோடு முடிச்சுப் போட்டு வைப்பது இவர்கள் பழக்கம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெளியே எடுப்பதால் 14,000 மிச்சமாகி, தள்ளுபடியில் 20,000 போனால் உங்களுக்கு நஷ்டம்தானே?

வெளியே வாங்கிய கொட்டேஷனைக் காட்டி, "இதே விலைக்குப் போட்டுக் கொடுங்கள், உங்களிடமே எடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குக் கட்டாயம். அது எங்கே எடுத்தாலும் ஒரே தொகைதான். வித்தியாசமெல்லாம் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்திலும், கூடுதலாகச் சேர்க்கும் ஆட்-ஆன் பாதுகாப்புகளிலும்தான். ஐ.டி.வி., அதாவது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு, ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். புது வண்டிக்கு அது எக்ஸ்ஷோரூம் விலையில் 95% அளவில் இருக்க வேண்டும். அதைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மலிவாக்குவது பழைய வேலை.

பழைய காரை விற்கிறீர்களென்றால் அதன் நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, விட்டுவிடாதீர்கள். 50% வரை புது வண்டிக்கு மாற்றலாம். எதைக் குறைத்தாலும் எஞ்சின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆனை மட்டும் விட்டுவிடாதீர்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் கைகொடுப்பது அதுதான். மழைநீர் தேங்கும் மேடவாக்கத்தில் இருந்துகொண்டு அதைக் குறைப்பது சரியான சிக்கனம் இல்லை.

கொளத்தூர்: ஆடியில் வாங்கினால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆடியில் ஷோரூம் காற்று வாங்கும், உண்மைதான். மாத டார்கெட்டோ ஆடிக்காகக் குறையாது. அதனால் கடைசி வாரத்தில் மேனேஜர் கொஞ்சம் இளகுவார். மார்கழி அதைவிட நல்லது. நம் ஊரில் யாரும் வாங்காத மாதம், கம்பெனிக்கோ பழைய வருடத்து ஸ்டாக்கைத் தள்ள வேண்டிய மாதம். இரண்டும் டிசம்பர் பிற்பாதியில் ஒன்றுசேர்கின்றன.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். மார்கழியில் புக் செய்து, தை பிறந்ததும் டெலிவரி எடுக்கலாம் என்று நினைப்பார்கள். தள்ளுபடி புக்கிங் தேதிக்கு இல்லை, பில் போடும் தேதிக்கு. ஜனவரியில் பில் போட்டால் டிசம்பர் ஸ்கீம் போய்விடும். பல கம்பெனிகள் ஜனவரியில் விலையும் ஏற்றும். அதனால் பில்லையும் பதிவையும் டிசம்பரிலேயே முடித்துவிட்டு, வண்டியை மட்டும் தையில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கும் வண்டியை அதுவரை எங்கே நிறுத்துவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எந்தத் தேதி முக்கியம், பில் தேதியா வீட்டுக்கு வரும் தேதியா என்பதை நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

டிசம்பர் வண்டி சில நாளில் 'போன வருட மாடல்' ஆகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். மூன்று நான்கு வருடத்தில் விற்கிற ஆளாக இருந்தால் தள்ளுபடியில் ஒரு பகுதி அப்போது திரும்பப் போய்விடும். பத்து வருடம் ஓட்டுகிறவருக்குக் கவலையில்லை.

ஸ்ரீபெரும்புதூர்: இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாராகிற கார் நமக்கு மலிவாகக் கிடைக்காதா?

கிடைக்காது. ஃபேக்டரி வாசலில் குடியிருந்தாலும் அதே எக்ஸ்ஷோரூம்தான்.

தாம்பரம்: 9.95 லட்சத்துக்கு ஒரு வேரியண்ட், 10.10 லட்சத்துக்கு அடுத்தது. 15,000 தானே வித்தியாசம், மேலே உள்ளதையே எடுக்கலாமா சார்?

நல்ல வேளை கேட்டீர்கள். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ் மாறியது. 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. வருமான வரி போல 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், முழு விலைக்கும்தான். 9.95 லட்சத்துக்கு 1,29,350 ரூபாய். 10.10 லட்சத்துக்கு 1,81,800. வரியிலேயே 52,450 கூடுகிறது. விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் அந்த மேல் வேரியண்டுக்கு நீங்கள் கொடுப்பது 67,450. அதில் சன்ரூஃப் வந்தால்கூட யோசிப்பேன். போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டி.சி.எஸ். வேறு, விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி. அது வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கணக்கில் வந்துவிடும், ஆனால் முதலில் கையிலிருந்து போக வேண்டும்.

அடையாறு: அப்படியானால் பாண்டிச்சேரியில் பதிவு செய்துவிட்டால்?

சென்னையில் குடியிருந்து, சென்னையில் ஓட்டுகிற வண்டிக்கு வேண்டாம். பிடித்தால் இங்கே வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

பெரம்பூர்: பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 30,000 போனஸ் என்கிறார்கள்.

போனஸைக் கூட்டிக் காட்டி, பழைய வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடுவார்கள். புது வண்டியின் விலையை எழுத்தில் முடிக்கும்வரை பழைய வண்டி இருப்பதையே சொல்லாதீர்கள். முன்னதாகவே வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டு வையுங்கள். வெளியே விற்று ஆர்.சி. மாற்றிய நகலைக் கொடுத்தாலும் சில கம்பெனிகள் போனஸ் தருகின்றன. அதையும் கேளுங்கள்.

குரோம்பேட்டை: ஷோரூம் லோன் 5% வட்டிதானாம், பேங்கில் 9% சொல்கிறார்கள்.

5% ஃபிளாட்டாக இருக்கும், அதாவது கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி. 8 லட்சத்துக்கு 5 வருடத்தில் 2 லட்சம் வட்டி, மாதம் 16,667. பேங்கின் 9% கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு மட்டும், மாதம் சுமார் 16,607. இப்போது எது மலிவு? பேங்க் அனுமதிக் கடிதத்தோடு போய், அதைவிடக் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.

முடிச்சூர்: யார்டில் தண்ணீர் புகுந்த வண்டியைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊர், பயம் நியாயம்தான். பதிவு செய்வதற்கு முன்பே வண்டியை யார்டில் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கட்டுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேறு படிந்திருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டில் துரு இருக்கக் கூடாது. கம்பெனி தரும் தகுதிச் சான்றான ஃபார்ம் 22-ல் தயாரான மாதமும் வருடமும் இருக்கும். சில மாதம் நின்ற வண்டியென்றால் அதைக் காட்டியே இன்னும் குறைக்கலாம்.

நங்கநல்லூர்: எனக்குப் பேரம் பேசவே வராது சார். கூச்சம்.

பேச வேண்டியதில்லை. ஒரே வேரியண்ட், ஒரே நிறம் என்று குறிப்பிட்டு, மூன்று டீலர்களுக்கு மாதத்தின் கடைசி வாரத்தில் வாட்ஸ்ஆப் அனுப்புங்கள். வரிவரியாகக் கொட்டேஷன் கேளுங்கள். ஒரே டீலரின் மூன்று கிளைகளாக இருந்துவிடக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்ததை மற்ற இருவருக்கும் அனுப்பி, "இதற்குக் கீழே முடியுமா?" என்று ஒரு வரி. 'இன்று மட்டும்' என்று பதில் வந்தால் பதற வேண்டாம், நாளைக்கும் அதேதான் இருக்கும். வெயிட்டிங் பீரியட் இருக்கும் மாடலாக இருந்தால் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அதில் வேண்டாத ஆக்சஸரீஸை வெட்டினாலே போதும். புக்கிங் தொகையைக் கம்பெனி அல்லது டீலர் கணக்குக்கே அனுப்புங்கள், சேல்ஸ்மேனின் ஜி-பேக்கு வேண்டாம்.