"யாரிடமும் சொல்லாதே" என்றவர் போலீஸ் இல்லை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வயது 64. கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறேன். என் ஆதார் எண்ணில் மும்பையிலிருந்து அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டதாக ஒரு போன் வந்தது. அப்புறம் வீடியோ காலில் காக்கிச் சட்டையில் ஒருவர், சிபிஐ அதிகாரி என்று இன்னொருவர். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லி இரண்டு நாள் போனை அணைக்கவே விடவில்லை. பணத்தைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னதால் டெபாசிட்டை உடைத்து 14 லட்சம் ரூபாய் அனுப்பிவிட்டேன். வங்கியில் கேட்டபோது, அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி வீட்டு வேலைக்கு என்று பொய் சொன்னேன். ஐந்து நாள் ஆகிறது. இப்போது தடையில்லாச் சான்றுக்கு இன்னும் 2 லட்சம் கேட்கிறார்கள். மகளிடம் சொன்னால் அவளையும் உள்ளே வைப்போம் என்று மிரட்டியதால் அவளிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. என்மேல் வழக்கு வருமா? பணம் திரும்புமா?

பதில்: அம்மா, அந்த 2 லட்சத்தை அனுப்பவே கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதைத் தனியாக எழுதி அனுப்பினேன். இதே வலையில் மாட்டியிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள்மேல் எந்த வழக்கும் வராது. பார்சலே கிடையாது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. கைது என்றால் அதிகாரி நேரில் வரவேண்டும், பெயர் தெரியும் அடையாளத்தோடு வரவேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்கவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தவேண்டும். குற்ற வழக்குகளின் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்கீழ், விசாரணைக்கு வரச்சொல்லிப் போலீஸ் கொடுக்கும் 35ஆவது பிரிவு நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதிலெல்லாம் முக்கியமானது ஒன்று உண்டு. ஒருவரைக் கைது செய்தால் அதை அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது போலீஸின் கடமை. அதே சட்டத்தின் 48ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கும் உரிமையை 38ஆவது பிரிவு தருகிறது. அதாவது, உங்களுக்கு ஒன்று நடந்தால் உங்கள் வீட்டாருக்குத் தெரியவேண்டும் என்பதில் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. அந்த ஆட்கள் செய்தது நேர் எதிர்: மகளிடம் சொன்னால் மகளையும் உள்ளே வைப்போம் என்று மிரட்டி உங்களைத் தனியாக்கினார்கள். "யாரிடமும் சொல்லாதே" என்ற அந்த ஒரு பேச்சு போதும், பேசுகிறவர் போலீஸ் இல்லை என்று முடிவு கட்டிப் போனை வைத்துவிட.

சரி, பணம். முழுதும் வந்துவிடும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். நீங்கள் அனுப்பிய பணத்தை அவர்கள் கமிஷனுக்கு வாங்கிய பிறத்தியார் கணக்குகளில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துப் பிரித்து மாற்றுவார்கள். 1930இல் புகார் பதிவானதும் அந்தச் சங்கிலியிலுள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அது முடக்கப்படும். முதல் சில மணி நேரத்தில் சொன்னவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஐந்து நாள் ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எங்காவது ஒரு கணக்கில் ஒரு பகுதி தங்கியிருக்கலாம். பணம் அனுப்பிய தேதி, நேரம், யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி எண்), போய்ச்சேர்ந்த கணக்கு எண் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்து மாவட்ட சைபர் குற்றப்பிரிவில் எழுத்துப் புகார் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீதோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) நின்றுவிடாமல் எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) பதியச் சொல்லிக் கேளுங்கள். ஆள்மாறாட்ட மோசடி (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 319), அரசு ஊழியராக நடித்தல் (204), மிரட்டிப் பணம் பறித்தல் (308), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு எல்லாம் இதற்குப் பொருந்தும். எஃப்ஐஆர் ஏன் முக்கியம் என்றால், முடக்கிய தொகையை உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி நடுவர் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆவது பிரிவின்கீழ் மனுப் போடும்போது அது வலுச்சேர்க்கும். இந்தப் படி தெரியாமலே பலர் முடங்கிய பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

வங்கியில் பொய் சொன்னது பற்றிக் கவலைப்படுகிறீர்கள். மிரட்டலில் சொன்னது அது. புகாரில் அதையும் உள்ளபடியே எழுதுங்கள். மறைத்தால்தான் பின்னால் கேள்வி வரும். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆனால் பணத்தை நீங்களே அனுப்பியதால், அனுமதியில்லாத பரிவர்த்தனைக்கு இழப்பீடு தரும் ரிசர்வ் வங்கி விதி உங்களுக்குப் பொருந்தாது என்று வங்கி சொல்லும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

வாட்ஸ்அப் உரையாடலையோ, அவர்கள் அனுப்பிய போலி உத்தரவுகளையோ அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு அந்த எண்களை முடக்கிவிடுங்கள். இனி யாராவது "உங்கள் 14 லட்சத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று வந்தால் அதுவும் இதே கூட்டமாக இருக்கலாம். 1930இல் புகார் கொடுக்கக் காசே கிடையாது. வக்கீல் செலவுக்கும் தயங்கவேண்டாம்: வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இல்லை 15100இல் பேசுங்கள்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என எழுதியிருந்தீர்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள் அம்மா. பெயர் இல்லை, ஆனால் படித்ததும் அவருக்குப் புரிந்துவிடும். காவல் நிலையத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.