வரி வாங்கினார்களா?

அன்புள்ள ஐயா,

காரிமங்கலம் பக்கத்துப் பெண் நான். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியின் டூபிங்கனுக்குப் படிக்க வந்து மூன்று மாதமாகிறது. பக்கத்துக் கிராமத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டுபவர் தச்சர், குழாய் பிடிப்பவர் பள்ளி ஆசிரியை, யாருக்கும் சம்பளம் இல்லை. பாட்டுக்கு ஒரு சங்கம், ஆப்பிள் மரம் வளர்க்க ஒரு சங்கம். எங்கே போனாலும் அன்பாக உட்காரவைக்கிறார்கள், காபிக்குக்கூடக் காசு வாங்குவதில்லை. நம் ஊரில் குடிமைச் சமூகம், அதாவது மக்கள் தாங்களாகவே கூடி நடத்தும் பொதுவாழ்வு, என்ற ஒன்றே இல்லையே என்று வெட்கமாக இருக்கிறது. அம்மாவும் குழு, கூட்டம் என்று அலைவார், ஆனால் அதெல்லாம் கடன் வாங்கத்தான். இதையே கட்டுரையாக எழுதப்போகிறேன். என்னென்ன நூல்கள் படிக்கலாம்?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

நூல்பட்டியலை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள், அவருக்கு அதற்குத்தான் சம்பளம். தீயணைப்புப் படையைப் பார்த்து மயங்கியது சரி, ஆனால் அது சங்கம் இல்லை. படை வைத்திருப்பது அங்கே உள்ளாட்சியின் சட்டப்படியான கடமை, வண்டியும் கொட்டகையும் அதனுடையவை, ஆள் மட்டும்தான் தன்னார்வலர். இதைக் குழப்பினால் மதிப்பெண் போகும். போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது அம்மாவைப் பற்றிய அந்த ஒரு வரியில். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் தொடங்கியதே உங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. பதினைந்து பெண்கள் பாயில் உட்கார்ந்து பணத்தை எண்ணி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு, "போன மாசம் நீ கட்டலையே" என்று பக்கத்து வீட்டுக்காரியின் முகத்துக்கு நேராகக் கேட்பது லேசுப்பட்ட காரியமா? கடன் வாங்கத்தானாம்! நீங்கள் இருக்கும் அந்த நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் ரைஃபைசன் என்பவர் கிராமத்துக் கடன் சங்கங்களைத்தான் கட்டினார். அதையெல்லாம் ஐரோப்பாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன், இங்கும் ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்று அறிக்கை எழுதினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. உங்கள் தாத்தா நகையை வைத்து உரம் வாங்கியிருப்பாரே, அந்தச் சங்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு என் பெரியப்பா ஞாபகம்தான். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் பதினெட்டு நாள் பாரதக் கூத்து நடக்கும். படுகளம் முடிந்த மூன்றாம் நாள் பொழுது சாய, திரௌபதி அம்மன் கோயில் திண்ணையில் கணக்கு வாசிப்பு. பெரியப்பா நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைக்கட்டு வரியை ஒவ்வொரு பெயராக வாசிப்பார், அப்புறம் செலவு. "பெட்ரோமாக்ஸ் வாடகை நாப்பத்திரெண்டு" என்பார். "ஆறு லைட்ல ரெண்டு எரியவே இல்ல, அதுக்குமா வாடகை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அந்த இரண்டு விளக்குக்கு அரைமணி நேரம் சண்டை. நான் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிப்போயிருப்பேன். ஜெர்மன் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த கணக்குச் சரிபார்ப்பவர் எழுந்து அறிக்கை சொல்வார், பிறகு நிர்வாகிகள் அந்த வருடம் செய்ததை ஏற்றுக்கொள்ளலாமா என்று கை தூக்கச் சொல்வார்கள். பெரியப்பாவுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாகவே இருந்திருக்காது.

ஆனால் அந்த நோட்டில் காலனிப் பெயர் ஒன்றுகூட இருக்காது. ஒரு வருடம் அங்கிருந்து மூன்று பேர் வந்து நின்றார்கள். ஊரில் தலைக்கட்டுக்கு என்ன வரியோ அதே தொகை, எண்ணி ஒரு மஞ்சள் பையில். பெரியப்பா நோட்டை மூடினார். "காணிக்கைன்னா உண்டியல்ல போட்டுட்டுப் போங்க" என்றார். பணம் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை, கவனியுங்கள். வரி என்று எழுதத்தான் மாட்டார், எழுதினால் அடுத்த வருடம் அவர்களும் திண்ணைக்கு எதிரே உட்கார்ந்து லைட் வாடகையைக் கேட்பார்களே! அந்த மூவரும் உண்டியல் பக்கம் திரும்பவில்லை, பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை அந்த நோட்டை மூடியது. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அதனால் நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று எழுதாதீர்கள். நோட்டு இருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள். அங்கேயும் அதையே கேளுங்கள். 1933இல் அந்த நாட்டு விளையாட்டுச் சங்கங்கள் பல, சட்டம் வந்து சொல்வதற்கு முன்பே, யூத உறுப்பினர்களைத் தாங்களாகவே நீக்கின. சங்கத்துக்கா பஞ்சம் அங்கே?

காபிக்குக் காசு வாங்குவதில்லை என்கிறீர்களே, எனக்கு இடிப்பது அதுதான். விருந்தாளிக்கு இலை போடுவார்கள், நோட்டைக் காட்ட மாட்டார்கள். அந்த ஆப்பிள் மரச் சங்கத்தில் சந்தா கட்டிச் சேருங்கள். பல சங்கங்கள் ஆண்டுக் கூட்டத்தை வருடத் தொடக்கத்தில்தான் வைக்கின்றன, இப்போது சேர்ந்தால் கிடைக்கும். பேச்சு பாதி புரியாது, பரவாயில்லை, கணக்கு வாசிக்கும்போது யார் யாரை முறைக்கிறார்கள் என்று பாருங்கள், முடிந்ததும் நாற்காலி அடுக்குங்கள். சந்தா எவ்வளவு, ரசீதில் உங்கள் பெயரை எப்படி எழுதினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஃபோன் பண்ணும்போது இந்த மாதத் தீர்மான நோட்டை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிரிப்பார், ஆனால் வாசிப்பார்.

அன்புடன்.