விந்தணுவின் வால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கணவரின் ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, மோட்டிலிட்டி (அசையும் திறன்) மட்டும் பூஜ்யம். எல்லாம் செத்துவிட்டதாக லேபில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: அசையாதது எல்லாம் செத்தது இல்லை, அம்மா. இயோசின் என்ற சாயத்தில் செத்த அணு சிவக்கும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. இந்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, லேபிலேயே மாதிரி கொடுத்து மறுபடி பாருங்கள். வீட்டிலிருந்து எடுத்து வரும் வழியில் குளிர்ந்துபோனாலோ, சாதாரண ஆணுறையில் சேகரித்தாலோ நல்ல அணுக்களும் நின்றுவிடும்.

கேள்வி: வயது 34. சிறு வயதிலிருந்தே சளி, சைனஸ் தொல்லை. இதயம் வலப்பக்கம் இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. இப்போது விந்தணுக்கள் உயிரோடு இருந்தும் நீந்தவில்லையாம். சளிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நிச்சயமாக இருக்கக்கூடும். விந்தணுவின் வாலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் 2 நுண்குழல்கள், சுற்றிலும் 9 இரட்டைக்குழல்கள். இவை டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. ஒவ்வொரு இரட்டைக்குழலிலிருந்தும் டைனீன் என்ற புரதம் கை நீட்டி, செல்லின் எரிபொருளான ஏடிபி-யை எரித்து, பக்கத்துக் குழலைத் தள்ளும். இரண்டு மூங்கில் சிம்புகளை அடியில் கட்டிவிட்டு ஒன்றை மட்டும் மேலே தள்ளிப் பாருங்கள். வழுக்கிப்போக முடியாமல் இரண்டும் வளையும். அப்படித்தான் வாலும் வளைகிறது. இந்த இழுபறி பக்கம் மாறி மாறி நடப்பதுதான் நீச்சல்.

மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகளுக்கும் இதே கட்டமைப்புதான். கரு உருவாகும்போது இதயம் எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதிலும் இத்தகைய இழைகளுக்குப் பங்கு உண்டு. அவை சுழலாவிட்டால் இடமா வலமா என்பது தற்செயல். அதனால் பிறவியிலேயே இந்த இழைகள் சரியாக இயங்காத நோயுள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருக்கும். இப்படிச் சளி, சைனஸ் தொல்லையோடு உறுப்புகளும் இடம் மாறியிருப்பதற்குக் கார்டஜெனர் நோய்க்குறி என்று பெயர். அது உள்ள ஆண்களின் விந்தணு வாலில் டைனீன் கைகளே இல்லை என்று ஸ்வீடன் விஞ்ஞானி அஃப்செலியஸ் 1976-ல் காட்டினார். குழந்தைப்பேறு பற்றிப் பிறகு பேசலாம். முதலில் நுரையீரல் நிபுணரைப் பாருங்கள். நுரையீரலைக் காப்பதுதான் அவசரம்.

கேள்வி: புரதப் பொடி குடித்தால் வால் வலுவாகுமா?

பதில்: ஆகாது. வாலின் புரதங்கள் மரபணுவின் கட்டளைப்படி விரையிலேயே கட்டப்படுபவை. உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்; அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

கேள்வி: மோட்டிலிட்டி நார்மல். மனைவிக்கும் குறை இல்லை. பிறகு ஏன் கரு தங்கவில்லை?

பதில்: காரணங்கள் பல. வாலைச் சார்ந்த ஒன்று கேட்ஸ்பெர். கால்சியத்தை உள்ளே விடும் வாசல் இது, 2001-ல் கண்டறியப்பட்டது. கருமுட்டையை நெருங்கும்போது அங்குள்ள புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இந்த வாசலைத் திறக்க, கால்சியம் நுழைந்து வால் சாட்டைபோல் வீசும். முட்டையின் உறையைத் துளைக்க அந்த வீச்சு வேண்டும். வாசல் இல்லாத அணு சாதாரணமாக நீந்தும், ஆனால் துளைக்காது. வழக்கமான செமன் அனாலிசிஸில் இது பிடிபடாது.

கேள்வி: எனக்கு வாலில் மரபணுக் கோளாறு உறுதியாகிவிட்டது. மனைவி என் அத்தை மகள். இக்ஸி செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஊசியால் அணுவை முட்டைக்குள் வைப்பதால் நீச்சலே தேவையில்லை. அசையாதவற்றில் உயிருள்ளதைத் தேர்ந்தெடுக்க, உப்புச்செறிவு குறைந்த திரவத்தில் விடுவார்கள்; உயிருள்ள அணுவின் வால் உப்பிச் சுருண்டுகொள்ளும். ஆனால் இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். நீங்கள் சொந்தத்தில் மணந்திருப்பதால் அதே பழுது மனைவியிடமும் ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். அவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்த பிறகு இக்ஸிக்குத் தேதி குறியுங்கள்.