சுப்பராயலுவும் சுப்பராயனும் ஒருவரல்லர்

வணக்கம். மாவட்ட மலருக்கான கட்டுரையில், சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் சுப்பராயலுவா, சுப்பராயனா என்ற குழப்பத்தைத் தெரிவித்திருந்தீர்கள். இருவரும் வேறானவர்கள்.

தென்னார்க்காட்டு நிலக்கிழாரான கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பதவியேற்க மறுத்ததால், 1920 டிசம்பரில் முதலமைச்சரானார். உடல்நலக் குறைவால் 1921 ஜூலையில் விலகவே, பனகல் அரசர் அப்பொறுப்புக்கு வந்தார். குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் பதவியேற்றதோ 1926இல்.

ரெட்டியார் காவல்துறையை நடத்தினார் என்ற வரியை அருள்கூர்ந்து நீக்கிவிடுங்கள். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வகுத்த, துறைகளை ஆளுநர் தரப்புக்கும் அமைச்சர்களுக்கும் பிரித்தளித்த இரட்டையாட்சியில் காவலும் நிலவரியும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தன. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்றவை மட்டுமே அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சில மாதங்களே பதவியிலிருந்ததால் அவரைப் பலர் மறந்துவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம். அவர் மாவட்டத்து மலரிலாவது ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.