இரண்டாம் பாகம் எங்கே?

கேள்வி: சென்ற வார இறுதியைக் குடும்பத்தோடு நிம்மதியாகக் கழித்தோம். எல்லோரும் சேர்ந்து ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்தோம். மிச்ச நேரம் புத்தகம். வார இறுதியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? (மன்னார்குடி வாசகி)

பதில்: உங்கள் வீட்டு மாத காலண்டரை ஒரு தடவை பாருங்கள் அம்மா. ஞாயிறு முதலில் நிற்கிறதா, கடைசியிலா? சம்பந்தர் கோளறு பதிகத்தில் கிரகங்களை அழைக்கும்போது ஞாயிற்றில் ஆரம்பித்துச் சனியில் வந்து நிற்கிறார். அப்புறம்தான் இரண்டு பாம்புகள். முதல் நாளைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘இறுதி’ என்கிறோம். வீக்கெண்டுக்குத் தமிழ்ச் சட்டை தைத்தவர் அளவெடுக்காமல் தைத்துவிட்டார். ‘சனி, ஞாயிறு’ என்று சொன்னால் வாய் வலிக்கிறதா? இதை நான் இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் எங்கள் உதவி ஆசிரியர் பெருமூச்சு விடுவார். இப்போதும் விட்டார்.

எங்கள் வீட்டில் வாரம் பிறந்தது ஞாயிற்றிலும் இல்லை, திங்களிலும் இல்லை. பத்திரிகை வரும் நாளில். நீங்கள் பார்த்த படத்தை ஏ.பி. நாகராஜன் 1968இல் எடுத்தார். அதற்கு முன்பே அது ஆனந்த விகடனில் தொடராக வந்துவிட்டது. எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்ற பெயரில். பத்மினி ஆடியதில் குறை சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் என் பாட்டிக்குக் கடைசிவரை மோகனா என்றால் கோபுலு வரைந்தவள்தான்.

பாட்டி வாராவாரம் தொடரை மட்டும் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பைண்டிங் செய்து வைத்திருந்தார். மூன்று பாகம். அப்படிக் கிழிக்கும்போது பின்பக்கத்தில் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும்: உப்புப் போடுவதற்கு முன்பே நின்றுவிட்ட சமையல் குறிப்பு, தலையில்லாத கட்டுரை. ஒரு சிறுகதையின் முதல் பக்கம் மட்டும் எங்களிடம் இருக்கிறது. அதன் கடைசி வரியில் மனைவி, “டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்கிறாள். அடுத்த பக்கம் பழைய பேப்பர்காரரோடு போய்விட்டது. என் அப்பா அந்த டாக்டருக்காக ஏழெட்டு பதில்கள் தயாரித்து வைத்திருந்தார். ஒன்றுகூட நல்ல செய்தி இல்லை.

இரண்டாம் பாகத்தை என் மாமா ஒருவர், “இரண்டே நாளில் தந்துவிடுகிறேன்” என்று வாங்கிப்போனார். வந்தார், அம்மா போட்ட காப்பியைப் புகழ்ந்தார், எடுத்துப்போனார். நாற்பது வருடமாகிறது. பிற்பாடு தூர்தர்ஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டார்கள். நாகேஷ் வைத்தியாக வந்து நின்று பேச ஆரம்பித்ததுமே அம்மா, “உன் மாமா வந்துவிட்டான்” என்றார். நடுவில் செய்தி வந்தது. உலை வைக்க எழுந்து போன அம்மா, அடுக்களையிலிருந்தே மாமாவுக்குச் சேர வேண்டியதைச் சொல்லி முடித்தார்.

திருப்பிக் கேட்டதற்கு மாமா சொன்னது: “அதுதான் படமாகவே வந்துவிட்டதே, புத்தகம் எதற்கு?” படத்தைப் பார்த்தால் புத்தகம் படித்தாயிற்று என்று நினைப்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சனிக்கிழமை இரவு இந்த இதழின் புரூஃப் படித்தேன். ஞாயிறு மத்தியானம் மாமாவின் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி நன்றாக இருந்தது. பரணில் ஏறிப் பார்க்க விடவில்லை.